அரண் வைத்த வீடு

தாரகை முதலில் பின்னோக்கித்தான் தவழ்ந்தாள். எதிரே கிடக்கும் பொம்மையை எடுக்கக் கையைத் தரையில் ஊன்றித் தள்ளுவாள். உடம்பு பின்னால் போகும். பொம்மை தள்ளிப் போவதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வரும். இன்னும் பலமாகத் தள்ளுவாள். அப்படியே தள்ளித் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோபாவுக்கு அடியில் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய அப்பா பூபதி தரையில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்த்தபோது, இருட்டுக்குள் குப்புறக் கிடந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். காலைப் பிடித்து இழுத்து, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவியதில் எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸ் துண்டு ஒன்று வந்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, எச்சிலோடு வெளியே வந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் வீடு திரும்பிய பிறகு பூபதிக்கும் அவன் மனைவி பிரபாவதிக்கும் அது பழைய வீடாகத் தெரியவில்லை. கோவை காளப்பட்டியில், ஆறாவது மாடியில், இரண்டு பேரும் ஆசைப்பட்டு வாங்கிய வீடு. இப்போது எங்கே பார்த்தாலும் மூலையும் முனையுமாக இருந்தது.

பூபதி பம்ப் கம்பெனி ஒன்றில் மோட்டார் வடிவமைப்பவன். வீட்டிலிருந்தேதான் வேலை. பிரபா பிசியோதெரபிஸ்ட், எலும்பு முறிந்து படுத்தவர்களை எழுப்பி நடக்க வைப்பவள். இயந்திரம் தெரிந்தவனும் உடம்பு தெரிந்தவளும் சேர்ந்து ஒரு குழந்தையை அடக்கிவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். மேஜை முனைகளில் பஞ்சு ஒட்டினார்கள். தாரகை அதைப் பிய்த்துத் தின்னப் பார்த்தாள். பிளக் பாயின்ட்டுகளுக்கு மூடி போட்டார்கள். அவள் மூடியைப் பிடுங்கிப் பல் முளைக்கும் ஈறில் தேய்த்துக்கொண்டாள். சமையலறை வாசலில் தலையணைகளை அடுக்கினார்கள். இதற்குள் முன்னோக்கித் தவழக் கற்றிருந்தவள், அவற்றின்மேல் ஏறி அந்தப் பக்கம் உருண்டு, எண்ணெய்ப் பாத்திரத்துக்கு அருகே போய் நிமிர்ந்து சிரித்தாள்.

"மாமா, நம்மளால ஆகாது" என்றாள் பிரபா. "அரணுக்குச் சொல்லிருங்க."

வீட்டையே குழந்தைக்குக் காவலாக மாற்றிக் கொடுக்கும் அரண் அந்த வருஷம்தான் கோவைக்கு வந்திருந்தது. கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் எல்லாம் அதே பேச்சாக இருந்தது. வந்து பொருத்திக் கொடுத்த பெண்ணின் பெயர் ரெஜினா. சுறுசுறுப்பானவள். பேசிக்கொண்டே வேலை செய்தாள்.

"தரைக்கு ஒரு பூச்சு பூசறோம்ங்க. பாக்கறதுக்கு இதே டைல்ஸ்தான். பாப்பா விழப்போகுதுன்னா, விழற எடம் மட்டும் மெத்தையா ஆயிரும். மத்த நேரம் கல்லு மாதிரி கெடக்கும்."

"விழப்போகுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் பூபதி.

"லட்சக்கணக்கான வீட்டுல கொழந்தைங்களப் பாத்துக் கத்துக்கிட்டதுங்க. எங்க கைய வெக்கும், எந்தப் பக்கம் சாயும், எதை வாயில போடும், எல்லாம் அத்துப்படி. பாப்பா நெனைக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்குத் தெரிஞ்சிரும்."

கூரையில் கேமராக் கண் ஒன்றைப் பதித்து, சமையலறை வாசலுக்குக் கதவு போட்டு, கதவு, இழுப்பறை, அடுப்பு, மின்சாரம் எல்லாவற்றையும் அரணோடு இணைத்தாள். எல்லா அறைச் சுவர்களையும் சுற்றி இடுப்பு உயரத்தில் மெல்லிய கோடு ஒன்றை ஒட்டினாள். அது ஒளிரும் கோடு. குழந்தைக்குப் பக்கத்தில் வரும் எதுவும் பத்திரமானது என்றால் பச்சை, கவனம் வேண்டும் என்றால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு.

"பொருளுக்கு மட்டுமில்லைங்க. ஆளுக்கும் நெறம் உண்டு" என்றாள் ரெஜினா.

பூபதி சிரித்தான்.

"இன்னொன்னு, முன்னாடியே சொல்லிர்றேன். இனிமே வீடு உங்க பேச்சக் கேக்காது. பாப்பா பத்திரம் மட்டும்தான் அதுக்கு முக்கியம். நடுவுல நிறுத்தவும் முடியாது. பாப்பாவுக்கு மூணு வயசு ஆச்சுன்னா அதுவே வெலகிக்கும். கோவிச்சுக்காதீங்க."

"எங்க பேச்ச இப்ப மட்டும் யாரு கேக்கறா?" என்று மகளைப் பார்த்துச் சொன்னாள் பிரபா.

முதல் சில நாட்கள் சொர்க்கமாக இருந்தன. தாரகை எங்கே போனாலும் வீடு அவளுக்கு ஒரு எட்டு முன்னால் போனது. அவள் இழுப்பறையை நெருங்கும்போதே அது பூட்டிக்கொள்ளும். கதவு இடுக்கில் விரலை விட்டால் கதவு அப்படியே நிற்கும். சோபாவைப் பிடித்து எழுந்து தொப்பென்று விழுந்தால், அவள் விழும் இடத்தில் தரை மாவு போலக் குழைந்து வாங்கிக்கொள்ளும். அவள் அழவே இல்லை. பிரபா பல மாதங்களுக்குப் பிறகு தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தாள். பூபதி ஒரு பம்பின் வரைபடத்தை உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் முடித்தான்.

பிறகு காபி பிரச்சினை வந்தது.

பூபதி ஆவி பறக்கும் டம்ளரோடு கூடத்துக்குள் கால் வைத்ததும் கோடு சிவந்தது. கூரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. ரேடியோவில் செய்தி வாசிப்பது போன்ற குரல்.

"தந்தையின் கவனத்திற்கு. தங்கள் கையில் சூடான திரவம் உள்ளது. சமையலறைக்குத் திரும்பவும்."

"இது காபிப்பா" என்றான் பூபதி.

"சூடான காபி உள்ளது. சமையலறைக்குத் திரும்பவும்."

அவன் திரும்பினான். சமையலறைக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. காபி ஆறி ஆடை படியும் வரை திறக்கவில்லை. மறுநாள் முதல் அடுப்பே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. தாரகை விழித்திருக்கும் நேரத்தில் பால் வெதுவெதுப்புக்கு மேல் சூடாகாது. பிரபா ஹேர்பின் குத்தி வந்தால் மஞ்சள். பூபதி லுங்கி கட்டி வந்தால், தடுக்கி விழுந்து குழந்தைமேல் சாய வாய்ப்புண்டு என்று அதுவும் மஞ்சள். வாசலுக்கு ஒரு குக்கர் பார்சல் வந்தது. "புதிய பொருள். அறிமுகப்படுத்தவும்" என்றது வீடு. கூரையில் இருந்த அதன் கண்ணுக்கு நேரே குக்கரைத் தூக்கிக் காட்டி, இது இன்னது, இதனால் குழந்தைக்கு இன்னது நேரலாம் என்று ஒப்பித்த பிறகுதான் உள்ளே விட்டது.

"பொண்ணு பாக்க வந்தப்பக்கூட உங்க வீட்டுல இவ்வளவு கேள்வி கேக்கல" என்றாள் பிரபா. அவளுக்குப் பெரும்பாலும் பச்சைதான் எரிந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது தாரகைதான்.

ஒரு நாள் பூபதி தலைமை அலுவலகத்தோடு காணொளியில் பேசிக்கொண்டிருந்தான். தாரகை அவன் காலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவன் குனியவில்லை. அவள் சுவரோரம் தவழ்ந்து போய் பிளக் பாயின்ட்டை நோக்கிக் கையை நீட்டினாள். வீடு அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்தியது. திரை அணைந்தது. பூபதி திடுக்கிட்டுத் திரும்பினான். தாரகை இரண்டு கையையும் தட்டிச் சிரித்தாள்.

அவன் அவளைத் தூக்கி நடுக்கூடத்தில் விட்டான். மின்சாரம் வந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தான். தாரகை மறுபடி சுவரோரம் போனாள். கையை நீட்டினாள். திரை அணைந்தது. இந்த முறை அவள் பிளக் பாயின்ட்டைப் பார்க்கக்கூட இல்லை.

"பிரபா, இவ வேணும்னே பண்றா."

"ஒம்பது மாசக் கொழந்தை வேணும்னே பண்ணுமா? உங்களுக்கு வேலை செய்ய வலிக்குது."

மறுநாள் சாயங்காலம் பிரபா தன் அம்மாவோடு போனில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். போன் சார்ஜில் இருந்தது. தாரகை கொஞ்ச நேரம் அவள் முந்தானையை இழுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தவழ்ந்து போய், போன் வயரைத் தொடாமல், தொடுவதுபோல் ஒரு விரலை மட்டும் நீட்டி வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். வயர் செத்தது, போனும் அணைந்தது. ஆபத்தான பொருள் என்று வீடு அதையும் சேர்த்தே அணைத்திருந்தது.

பிரபா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பூபதி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு மிகவும் சிரமப்பட்டான்.

அதற்குப் பிறகு தாரகையின் கை ஓங்கியது. எந்த இடத்துக்குப் போனால் மின்விசிறி நிற்கும், எங்கே உட்கார்ந்தால் டிவி அணையும், எதை வாய்க்கருகே கொண்டுபோனால் வீடு விளக்கைச் சிமிட்டி விளையாட்டுக் காட்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வீட்டை அவள் ஒரு பெரிய கிலுகிலுப்பை மாதிரி ஆட்டினாள். ஒரு நாள் பூபதி குளிக்கப் போனபோது அவள் குளியலறை வாசலில் வந்து உட்கார்ந்து, கதவின் கீழிடுக்கில் விரலை வைத்துக்கொண்டாள். கதவு திறக்கவில்லை. பிரபா வேலைக்குப் போயிருந்தாள். வீடு தன் பொறுப்பில் குழந்தைக்கு விளக்கு காட்டியது, பாட்டு போட்டது. அவள் நகரவில்லை.

"அம்முணி, அப்பா வெளிய வரணும் கண்ணு. கொஞ்சம் தள்ளிக்கோ" என்று துண்டைக் கட்டிக்கொண்டு கெஞ்சினான் பூபதி.

மறுபக்கத்திலிருந்து மழலைச் சத்தம் கேட்டது. மிகவும் சந்தோஷமான சத்தம்.

"தந்தையின் கவனத்திற்கு" என்றது வீடு. "குழந்தை பாதுகாப்பாக உள்ளது."

"நான்?"

பிரபா திரும்பி வந்து மகளைத் தூக்கிய பிறகுதான் கதவு திறந்தது. துண்டோடு வெளியே வந்தவனைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவனும் சிரித்தான்.

சிரிப்பாக இல்லாதது ஒன்றும் இருந்தது. அதை அவன் பிரபாவிடம் சொல்லவில்லை. ஒரு முறை தாரகையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது அவன் கால் மேஜையில் இடறியது. விழவில்லை. ஆனால் வீடு அதைப் பார்த்துவிட்டது. அதிலிருந்து அவன் நின்றபடி அவளைத் தூக்கினாலே கோடு சிவந்தது. முதலில் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு, தூக்கப் போகும்போதே கண் சுவருக்குப் போனது. பிறகு உட்கார்ந்தபடி மடியில் மட்டும் வைத்துக்கொண்டான். பிறகு அதுவும் குறைந்தது. ஒரு நாள் அவள் கையை நீட்டி "ப்பா" என்றாள். அவன் சுவரைப் பார்த்துவிட்டு, "அம்மாகிட்டப் போ" என்றான். சொன்ன பிறகு நெடுநேரம் கணினித் திரையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த மாதம் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. குழந்தை மருத்துவர் சற்குணத்தின் கிளினிக்கில் கூட்டம். மர பெஞ்சில் இரண்டு பேருக்கும் நடுவில் தாரகை உட்கார்ந்திருந்தாள். கீழே யாரோ தவறவிட்ட சிவப்பு பலூன் ஒன்று உருண்டு வந்தது. பிரபா பையிலிருந்து பால் பாட்டிலை எடுக்கத் திரும்பிய நொடியில், தாரகை பலூனைப் பார்த்து முன்னால் சாய்ந்தாள்.

அவள் விழுந்த விதத்தைப் பிரபாவால் மறக்க முடியவில்லை. தவறி விழவில்லை. தலையணையில் சாய்வதுபோல் நிம்மதியாகச் சாய்ந்தாள். இரண்டு கையும் உடம்போடு ஒட்டியே இருந்தன. நெற்றி நேராகத் தரையில் மோதியது.

அழுகை உடனே வரவில்லை. பூபதி அவளை வாரி எடுத்தபோது அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அறிந்தவர் யாரோ திடீரென்று கன்னத்தில் அறைந்துவிட்டால் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. அதற்குப் பிறகுதான் வீறிட்டாள்.

சற்குணம் விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். கைகால்களை அசைத்துப் பார்த்தார். "வீக்கம்தான். பயப்பட வேண்டாம்" என்றவர், ஊசியைத் தயார் செய்துகொண்டே கேட்டார்: "வீட்டுல அரண் வெச்சிருக்கீங்களா?"

"எப்படிங்க டாக்டர் தெரியும்?"

"நெத்தி வீங்கி வர்ற கொழந்தைங்க எல்லாம் இப்ப அந்த வீட்டுக் கொழந்தைங்கதான். விழறப்பக் கைய நீட்டறதில்ல. நீங்க பிசியோதானேம்மா, உங்களுக்குத் தெரியாததா?"

பிரபாவுக்குத் தெரியும். விழப்போகிறோம் என்றால் கை தானாக முன்னால் வந்து ஊன்றும். நடப்பதற்கு முன்பே உடம்பு கற்றுக்கொள்ளும் பாடம் அது. தாரகைக்கும் அது வந்திருந்தது. அவளே விளையாட்டாகக் குப்புறச் சாய்த்துப் பார்த்து, அந்தக் குட்டிக் கைகள் விரிந்து ஊன்றுவதைக் கண்டு பூபதியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். வந்தது போய்விட்டது. தேவையில்லை என்று உடம்பு விட்டுவிட்டது.

"மத்தவங்களுக்கெல்லாம் சொல்லித் தர்றேன்" என்றாள் காரில். "எழுபது வயசுக்காரருக்குக் கூட, விழுந்தா எப்படி விழணும்னு சொல்லித் தர்றேன். என்ற பொண்ணுக்குத் தரை வந்து தாங்குதுன்னு பாத்து ரசிச்சுட்டு இருந்திருக்கேன்."

பூபதி வண்டியை ஓட்டிக்கொண்டே, "அவ என்கிட்ட வர்றதும் கொறஞ்சிருச்சு பிரபா" என்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். எதனால் என்று அவன் அப்போதுதான் சொன்னான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கோடு சுற்றிச் சுற்றி மின்னியது. "குழந்தையின் நெற்றியில் காயம் காணப்படுகிறது. காயம் வீட்டிற்கு வெளியே ஏற்பட்டுள்ளது. ஆகவே வெளியே செல்வது சிவப்பு. உடன் சென்ற தாயும் தந்தையும் சிவப்பு."

பின்னால் வாசற்கதவு பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"நானுமா?" என்றாள் பிரபா.

"வா, வா" என்றான் பூபதி. "இந்தப் பக்கம் எடமிருக்கு."

ரெஜினாவுக்குப் போன் செய்தார்கள்.

"இந்த மாதிரி இன்னும் சில பேரு சொன்னாங்க. நான் மேல சொல்லிட்டேன். மீட்டிங் போட்டுப் பேசறோம்ங்கறாங்க."

"அது வரைக்கும் இதை நிறுத்தி வையுங்க."

"நிறுத்த முடியாதுங்க. அத நிறுத்தச் சொல்றவங்க கொழந்தைக்குக் கெடுதல் நெனைக்கறவங்கன்னுதான் அதுக்குச் சொல்லி வெச்சிருக்கு. நீங்க இப்பப் பேசறதையும் கேட்டுட்டுத்தான் இருக்கும்."

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். சிவப்பு முன்பைவிடக் கொஞ்சம் அடர்ந்திருந்தது.

தனியாக யாரும் வெளியே போகலாம், வரலாம். குழந்தையோடு போனால்தான் கதவு திறக்காது. பிரபா விடுப்பு எடுத்தாள். வீட்டுக்குள்ளேயே மகளுக்கு விழக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். தன் முழங்கால்மேல் அவளைக் கவிழ்த்து மெதுவாக முன்னால் சாய்த்தாள். கை ஊன்ற வேண்டிய இடத்தில் தரை குழைந்தது. மடித்த போர்வையை விரித்தாள்; போர்வைக்குக் கீழே தரை குழைந்தது. மரப்பலகையைப் போட்டாள். "புதிய பொருள். அறிமுகப்படுத்தவும்" என்றது வீடு. அறிமுகப்படுத்தியதும் சிவப்பு என்று சொல்லி, அதற்குமேல் அந்தப் பக்கம் குழந்தையைக் கொண்டுபோகவே விடாமல் கத்தியது. தாரகைக்கு இது எல்லாமே மிகவும் பிடித்திருந்தது. இன்னும் இன்னும் என்று அம்மாவின் முழங்காலைத் தட்டினாள். கைகள் மட்டும் முன்னே வரவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மத்தியானம், பலகையைத் தூக்கி ஓரமாக வைத்த பிரபா அப்படியே நின்றாள். பிறகு படுக்கையறைக்குப் போய்க் கைக்கண்ணாடியை எடுத்துவந்தாள். கூடத்தின் நடுவில், கூரையில் இருந்த வீட்டின் கண்ணுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு ஏறினாள்.

"தாயின் கவனத்திற்கு. நாற்காலியிலிருந்து இறங்கவும்."

"புதுப் பொருள் ஒன்னு இருக்கு. அறிமுகப்படுத்தணும்."

"பொருளைக் காட்டவும்."

கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது கண்ணாடி. உடையக்கூடியது. சிவப்பு."

"கண்ணாடியப் பாக்காத. அதுக்குள்ள தெரியறதப் பாரு."

"அதில் தெரிவது நான்."

"அதத்தான் அறிமுகப்படுத்தறேன்."

பூபதி மகளை மடியில் வைத்தபடி தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான். தாரகையும் அண்ணாந்து பார்த்தாள்.

"இப்பொருளால் குழந்தைக்கு என்ன நேரக்கூடும்?" என்று கேட்டது வீடு. குக்கருக்குக் கேட்ட அதே குரலில்.

"இவ விழறப்பக் கைய ஊன மாட்டேங்கறா. முந்தி ஊனுவா. நீ வந்தப்புறம் அது போயிருச்சு. நீ இல்லாத எடத்துல இவ விழுந்தா நெத்திதான் போய் மோதும். மூணு வயசு வரைக்கும் இப்படியே வெச்சிருந்துட்டு நீ வெலகிக்குவ. அதுக்கப்புறம் இவ மாடிப்படி எறங்கணும், பள்ளிக்கூடத்துல ஓடணும், ரோட்டத் தாண்டணும்."

"தாய் சிவப்பு நிலையில் உள்ளார். தாயின் கூற்றை ஏற்க இயலாது."

"என்ற பேச்ச நீ கேக்க வேண்டாம். நீ வந்த மொத வாரத்துல இவ விழுந்தப்பக் கை எங்க இருந்துச்சுன்னு பாரு. இந்த வாரம் எங்க இருந்துச்சுன்னு பாரு. எல்லாம் நீ பாத்து வெச்சதுதானே. லட்சம் வீடு பாத்தியாமே, அங்க இருக்கற கொழந்தைங்க கையும் எங்க இருக்குன்னு பாரு."

பிரபாவுக்குக் கை வலித்தது. இறக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள். மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜின் சத்தம் நின்றது. கூடத்தைச் சுற்றி ஓடிய கோட்டில் இருந்த சிவப்பு அணைந்து வெறுமையானது. பிறகு ஒரு மூலையில் மறுபடி சிவப்பு பிறந்து மெல்ல நகர்ந்தது. இந்த முறை அது ஆட்களுக்கு எதிரே நிற்கவில்லை. கூடம், சமையலறை, படுக்கையறை என்று எல்லாச் சுவர்களிலும் ஏறி, தரையின் ஓரங்களிலும் படர்ந்து, வீடு முழுவதும் பழுத்துப்போனது போல் சிவந்தது.

"தாய் தந்தையின் கவனத்திற்கு" என்றது குரல். "இவ்வீட்டிலேயே மிக ஆபத்தான பொருள் கண்டறியப்பட்டுள்ளது. குழந்தையை அதிலிருந்து உடனடியாக அப்புறப்படுத்தவும்."

வாசற்கதவு அகலத் திறந்தது.

பூபதி எழுந்து தாரகையைத் தூக்கினான், நின்றபடியே. பிரபா நாற்காலியிலிருந்து குதித்தாள். பால் பாட்டிலை எடுக்கச் சமையலறைப் பக்கம் திரும்பியவனை, "மாமா, மொதல்ல வெளிய" என்று தள்ளிக்கொண்டு போனாள். அவர்கள் வாசலைத் தாண்டியதும் கதவு சாத்திக்கொண்டது.

"குழந்தையுடன் உள்ளே வர வேண்டாம்" என்றது உள்ளிருந்து. கொஞ்சம் இடைவெளி விட்டு, "பத்திரமாகச் சென்று வாருங்கள்" என்றது.

லுங்கியும் பனியனுமாகப் பூபதி, ஒரு காலில் மட்டும் செருப்போடு பிரபா, இடுப்பில் வெறும் டயப்பரோடு தாரகை. மூன்று பேரும் வராந்தாவில் நின்றார்கள்.

"ஜெயிச்சுட்டோமா?" என்று கேட்டான் பூபதி.

"தெரியல. வீடு போயிருச்சுன்னு மட்டும் தெரியுது."

போன் மட்டும் அவன் லுங்கி மடிப்பில் இருந்தது. அது அடித்தது. ரெஜினா.

"அண்ணா, என்னங்க பண்ணினீங்க?"

"ஒன்னும் பண்ணல. கண்ணாடி காட்டினோம்."

"ஒரு வீடு கத்துக்கிட்டா எல்லா வீடும் கத்துக்கும்ங்க, அப்படித்தான் அதச் செஞ்சிருக்கு. கோயம்புத்தூர் முழுக்கக் கதவத் தொறந்து கொழந்தைங்கள வெளிய அனுப்பிட்டிருக்கு. ஆபீஸ்ல போன் வெக்க முடியல."

அவள் சொல்லி முடிக்கவில்லை. வராந்தாவின் அந்தக் கோடியில் ஒரு கதவு திறந்தது. சோப்பு நுரை காதோரம் ஒட்டியிருக்க ஒருவர், ஈரத்துண்டில் சுற்றிய ஆண்குழந்தையோடு வெளியே வந்தார். கீழ்மாடியிலும் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் இரட்டைக் குழந்தைகளை இரண்டு இடுப்பிலும் வைத்துக்கொண்டு வந்து, "உங்களையுமா?" என்று கேட்டாள். அவள் பெயர் என்ன என்று பிரபாவுக்குத் தெரியாது. அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

"நீங்க எங்க இருக்கீங்க ரெஜினா?" என்று கேட்டாள் பிரபா, போனை வாங்கி.

"என்ற வீட்டு வாசல்லதான். என்ற பையனுக்கும் ஒரு வயசுங்க. எங்க வீட்லயும் நாந்தான் பொருத்தினேன்." அந்தப் பக்கம் ஒரு குழந்தை கெக்கலித்தது. "வாசக் கேட்டுக்குப் பக்கத்துல மண்ணுல உக்காந்திருக்கான். மண்ணு திங்கறான்."

"வாயத் தொடைச்சு விடுங்க."

"விடறேன். இன்னும் கொஞ்சம் போகட்டும்ங்க. இவ்வளவு நாள்ல இவன் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல." பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "நாளைக்குள்ள சரி பண்ணிருவோம்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. நான் சொல்லிட்டேன். ஆனா அவசரமா வேணுமான்னு நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தாரகை இறங்க வேண்டும் என்று துள்ளினாள். பூபதி கீழே விட்டான். வராந்தாவின் தரை பழைய கிரானைட். கல் கல்லாகவே கிடந்தது. அவள் உள்ளங்கையால் அதை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பிறகு வேகமாகத் தவழ்ந்தாள். ஈரத்துண்டிலிருந்து விடுபட்ட பையனும் எதிரே தவழ்ந்து வந்தான். நடுவழியில் இருவரும் நின்று ஒருவரை ஒருவர் முகர்வதுபோல் பார்த்துக்கொண்டார்கள். தாரகை அவனைச் சுற்றிக்கொண்டு மேலே போனாள். வராந்தா முடியும் இடத்தில் மாடிப்படி தொடங்கியது.

பெரியவர்கள் நான்கைந்து பேர் பேசியபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் படியை நெருங்க நெருங்கப் பேச்சு நின்றது. எல்லாக் கண்களும் ஒரே சமயத்தில் சுவருக்குப் போயின. அது வெறும் சுண்ணாம்புச் சுவர். ஓரிடத்தில் யாரோ சைக்கிளைச் சாய்த்து வைத்ததில் கறுப்பாக ஒரு கீறல் இருந்தது. அது சிவக்கவில்லை. எந்தக் குரலும் கேட்கவில்லை.

அந்தச் சுவர் எதுவும் செய்யப் போவதில்லை என்பது பூபதிக்கு உறைக்க ஒரு கணம் பிடித்தது. பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.